படிக்க மட்டுமே செய்த லூப் என் தரவை மாற்றியது எப்படி

412 வரிகள் உள்ள ஒரு புத்தகப் பட்டியல். அதைக் கோப்பிலிருந்து படித்து, தலைப்புகளின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருந்த வெற்றிடங்களை நீக்கி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சீட்டு அச்சிட வேண்டும். பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய சின்ன நிரல், அறுபது வரிகூட இருக்காது. ஓட்டினேன், 412 சீட்டுகள் வந்தன. எண்ணிக்கை சரியாக இருந்ததால் வேலை முடிந்தது என்றே நினைத்துவிட்டேன். சீட்டுகளை அடுக்கும்போதுதான் கடைசி இரண்டிலும் ஒரே புத்தகம் இருப்பது கண்ணில் பட்டது. 411ஆவது புத்தகம் இரண்டு முறை வந்திருக்கிறது, 412ஆவது புத்தகம் எங்கேயும் இல்லை.

இந்தப் பிழையைத் தேடிய இரண்டு நாள்களில் ரெஃபரன்ஸ் (ஒரே மதிப்புக்கு இன்னொரு பெயர்), ஸ்கோப் (ஒரு பெயர் செல்லுபடியாகும் எல்லை) என்ற இரண்டையும் பற்றி எனக்கு இருந்த பாதிப் புரிதல் முழுதாக உடைந்து, வேறு மாதிரி கூடியது. அதனால் என்ன செய்தேன், எந்த வரிசையில் செய்தேன், எங்கே தவறாகப் போனேன் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். நிரல் வரிகளின் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். ஓட்டிப் பார்க்கிறவர்கள் மொழியின் சொற்களை மட்டும் வழக்கமான எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மாறிகளின் (மதிப்புகளை வைக்கும் பெட்டிகளின்) பெயர்களை மாற்ற வேண்டாம், பிஎச்பி தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கும்.

முதலில் கோப்பைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசி வரி காணவில்லை என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதானே, கடைசி வரிக்குப் பிறகு புதுவரிக் குறி இல்லையோ, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஏதாவது இருக்கிறதோ என்று. இரண்டும் இல்லை. கோப்பைப் படித்தவுடன் அரேயை, அதாவது வரிகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியலை, அச்சிட்டுப் பார்த்தால் 412ஆவது புத்தகம் பத்திரமாக இருந்தது. சரி, அச்சிடும் பகுதியில் கோளாறு என்று அங்கே போனேன். அந்தப் பகுதி செய்வது ஒன்றே ஒன்றுதான், ஒவ்வொரு வரியாக எடுத்து வெளியே எழுதுவது. அதில் எந்த மாறிக்கும் எதையும் கொடுக்கும் வரியே கிடையாது.

அப்புறம் பட்டியலை ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை வேறு புத்தகம் காணாமல் போனது, புதிய வரிசையில் யார் கடைசியோ அவர். இது முக்கியமான தடயம். போவது ஒரு குறிப்பிட்ட புத்தகம் இல்லை, கடைசி இடத்தில் யார் நின்றாலும் அவர்தான் போகிறார். ஆக, கோளாறு தரவில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

அடுத்து நான் செய்தது சரியான யோசனைதான், ஆனால் அதுவே என்னை ஒரு முழு மாலை சுற்றவிட்டது. அச்சிடும் லூப்புக்கு, அதாவது ஒவ்வொரு வரிக்கும் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு, முன்னால் அரேயை இன்னொரு மாறியில் நகல் எடுத்து வைத்தேன். லூப் முடிந்ததும் நகலையும் மூல அரேயையும் ஒப்பிட்டேன். இரண்டும் சமம் என்று வந்தது. அப்படியானால் அச்சிடும் லூப் அரேயைத் தொடவில்லை, பிழை வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டி, கோப்பு படிக்கும் பகுதிக்கே மறுபடி போய்விட்டேன். அந்த ஒப்பீடு ஏன் பொய் சொன்னது என்பதைப் பிறகு சொல்கிறேன், இந்த முழு அனுபவத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

கடைசியில் 412 வரிகளை விட்டுவிட்டு மூன்றே உறுப்புகளோடு ஒரு தனிக் கோப்பு எழுதினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பெரிய தரவில் தேடும்போது மனம் தரவைத்தான் சந்தேகப்படுகிறது, மூன்று எழுத்துகளை வைத்துத் தேடும்போது சந்தேகப்பட நிரலைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை.

$நூல்கள் = ['அ ', 'ஆ ', 'இ '];

ஃபார்ஈச் ($நூல்கள் அஸ் &$நூல்) {
    $நூல் = ட்ரிம்($நூல்);
}

ஃபார்ஈச் ($நூல்கள் அஸ் $நூல்) {
    எக்கோ $நூல்;
}

வெளியே வந்தது: அ, ஆ, ஆ.

முதல் லூப்பில் $நூல் முன்னால் & போட்டிருப்பதைக் கவனியுங்கள். அது தேவைப்பட்டுத்தான் போட்டேன். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் $நூலுக்குக் கிடைப்பது உறுப்பின் நகல், நகலின் வெற்றிடத்தை நீக்கினால் அரேக்குள் ஒன்றும் மாறாது. & போட்டால் $நூல் என்பது அந்த உறுப்புக்கு இன்னொரு பெயர் ஆகிவிடுகிறது, அதில் எழுதுவது நேராக அரேக்குள் போய் விழுகிறது. இதுவரை நானும் புரிந்து வைத்திருந்தேன்.

ஒரு தாளை எடுத்து மூன்று கட்டங்கள் வரைந்து, $நூல் என்ற பெயரிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு சுற்றாக நகர்த்தினேன். முதல் லூப்பின் முதல் சுற்றில் அம்பு முதல் கட்டத்தைக் காட்டுகிறது. இரண்டாம் சுற்றில் அங்கிருந்து அவிழ்ந்து இரண்டாம் கட்டத்துக்குப் போகிறது. மூன்றாம் சுற்றில் மூன்றாம் கட்டம். லூப் முடிந்தது. இப்போது அம்பு எங்கே? இந்தக் கேள்வியைத் தாளில் எழுதிப் பார்க்கும்வரை நான் கேட்டதே இல்லை. லூப்பின் சுருள் அடைப்புக்குறி மூடியதும் $நூலும் போய்விடும் என்று மனதில் ஒரு படம் இருந்தது. பிஎச்பியில் அப்படிப் போவதில்லை. அங்கே ஸ்கோப்பை உண்டாக்குவது ஃபங்ஷன் (தனியாக எழுதிக் கூப்பிடும் நிரல் துண்டு), வெறும் சுருள் அடைப்புக்குறி உண்டாக்காது. ஆகவே லூப் முடிந்த பிறகும் $நூல் உயிரோடு இருக்கிறது, மூன்றாம் கட்டத்தோடு கட்டப்பட்டபடியே இருக்கிறது.

இப்போது இரண்டாம் லூப். அதில் & இல்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உறுப்பின் மதிப்பை எடுத்து $நூலுக்குள் எழுது என்றுதான் அதற்குப் பொருள். ஆனால் $நூல் என்பதே மூன்றாம் கட்டம் அல்லவா. முதல் சுற்றில் 'அ' வை எடுத்து $நூலில் எழுதுகிறது, அதாவது மூன்றாம் கட்டத்தில் எழுதுகிறது. அரே இப்போது அ, ஆ, அ. இரண்டாம் சுற்றில் 'ஆ' வை எடுத்து எழுதுகிறது, அரே அ, ஆ, ஆ. மூன்றாம் சுற்றில் மூன்றாம் கட்டத்தில் இருப்பதை எடுத்து மூன்றாம் கட்டத்திலேயே எழுதுகிறது, அங்கே இருப்பது ஏற்கெனவே 'ஆ'. முடிந்தது. 'இ' இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. 412 உறுப்புகள் இருந்தாலும் இதே கதைதான், கடைசிக் கட்டம் ஒவ்வொரு சுற்றிலும் அழிந்து அழிந்து எழுதப்பட்டு, 411ஆவது சுற்றில் எழுதப்பட்டதோடு நிற்கிறது.

அச்சிடும் லூப்பில் எந்த மாறிக்கும் எதையும் கொடுக்கும் வரியே கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது தவறு. லூப்பின் தலைவரியே ஒரு கொடுக்கல்தான். சுற்றுக்கு ஒரு முறை அது $நூலில் எழுதுகிறது. நாம் சமக்குறி போடவில்லை என்பதால் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதல் லூப் முடிந்த இடத்தில் மதிப்போடு அதன் வகையையும் அச்சிடும் வார்_டம்ப் போட்டு அரேயைப் பாருங்கள். முதல் இரண்டு உறுப்புகளும் சாதாரணமாக இருக்கும், மூன்றாம் உறுப்பின் வகைப் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு & ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டத்துக்கு இன்னொரு பெயரும் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். முதல் நாளே அந்தக் குறியைப் பார்த்திருந்தேன், ஏதோ அச்சிடும் வகை என்று தாண்டிப் போய்விட்டேன். கொஞ்சம் நின்று அது என்ன என்று கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். ப்ரிண்ட்_ஆர் போட்டால் இந்தக் குறி தெரியாது, ஆகவே இந்த மாதிரி வேட்டைக்கு வார்_டம்ப்தான்.

சரி, நகல் ஏன் பொய் சொன்னது என்ற விஷயத்துக்கு வருகிறேன். பிஎச்பியில் ஒரு அரேயை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் தனி நகல் கிடைக்கும், ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதை நம்பித்தான் ஒப்பீடு செய்தேன். ஆனால் அரேக்குள் ஏதாவது ஒரு உறுப்பு அந்த நேரத்தில் ரெஃபரன்ஸாக இருந்தால், நகலிலும் அது ரெஃபரன்ஸாகவே போகும். அரே இரண்டாகப் பிரிந்தாலும் அந்த ஒரு கட்டம் மட்டும் இரண்டுக்கும் பொதுவாகவே நிற்கும். நான் நகல் எடுத்த இடம் எது? முதல் லூப்புக்கும் இரண்டாம் லூப்புக்கும் நடுவில். அந்த நேரத்தில் கடைசிக் கட்டம் $நூலோடு கட்டுண்டு கிடந்தது. ஆகவே இரண்டாம் லூப் கடைசிக் கட்டத்தை மாற்றியபோது நகலின் கடைசிக் கட்டமும் கூடவே மாறியது. இரண்டையும் ஒப்பிட்டால் சமம் என்று வராமல் வேறென்ன வரும். பிழையைப் பிடிக்க நான் வைத்த பொறிக்குள்ளேயே பிழை உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு இந்த மாதிரி ஒப்பீடு தேவைப்பட்டால் நான் அரேயை அரேயாக நகல் எடுப்பதில்லை. ஜேசான் என்ற வடிவத்தில் எழுத்துத்தொடராக மாற்றி அந்தத் தொடரை வைத்துக்கொள்கிறேன். எழுத்துத்தொடருக்குள் எந்தக் கட்டும் தங்காது. முன்னால் எடுத்த தொடரும் பின்னால் எடுத்த தொடரும் வேறுபட்டால் நடுவில் தரவு மாறியிருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். இந்த வழியில் பார்த்தபோது ஒரே நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டது.

திருத்தம் ஒரே வரிதான். முதல் லூப் முடிந்தவுடன் அன்செட்($நூல்). பெயரைப் பார்த்து அரேயின் கடைசி உறுப்பே அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அன்செட் அழிப்பது பெயரையும் அது கட்டப்பட்ட முடிச்சையும்தான், கட்டத்துக்குள் இருக்கும் மதிப்பு அப்படியே இருக்கும். போட்டுவிட்டு வார்_டம்ப் பார்த்தால் அந்த & குறி மறைந்திருக்கும். பிஎச்பி கையேட்டிலேயே ஃபார்ஈச் பக்கத்தில் இதை எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் அன்செட் எனக்குத் திருப்தியான விடை இல்லை. மறக்காமல் போட வேண்டிய எதுவும் ஒருநாள் மறந்துபோகும். அதற்குப் பதில் நான் இப்போது செய்வது இரண்டில் ஒன்று. எண்ணோடு சேர்த்து லூப் ஓட்டி, $நூல்கள்[$எண்] = ட்ரிம்($நூல்) என்று நேராக அரேயின் பெயரைச் சொல்லி எழுதிவிடுகிறேன். & தேவையே இல்லை, எங்கே எழுதுகிறோம் என்பது படிப்பவருக்கும் வெளிப்படையாகத் தெரிகிறது. அல்லது அந்த வேலையை ஒரு தனி ஃபங்ஷனுக்குள் வைத்துவிடுகிறேன். ஃபங்ஷன் முடிந்ததும் அதன் ஸ்கோப்பும் முடிகிறது, உள்ளே இருந்த பெயர்கள் எல்லாம் தானாகப் போய்விடும், தொங்கிக்கொண்டிருக்கும் முடிச்சும் சேர்ந்து போய்விடும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பிழையில் இரண்டு தனித்தனி விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. பெயர் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பது ஒன்று, அது ஸ்கோப். பெயர் எந்தப் பெட்டியைக் காட்டுகிறது, அந்தப் பெட்டிக்கு வேறு பெயர்களும் உண்டா என்பது இன்னொன்று, அது ரெஃபரன்ஸ். ரெஃபரன்ஸ் இருந்தும் பெயர் லூப்போடு செத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பெயர் உயிரோடு இருந்தும் அது வெறும் நகலாக இருந்திருந்தால் அப்போதும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஒரு புத்தகம் போனது. நான் இதுவரை இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். எனவே இதே பட்டியலை வைத்து வேறு மொழிகளில் வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

பைத்தானில் உடைப்பது சுலபமாக இருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு டிக்ஷனரி (பெயரும் அதற்குரிய மதிப்புமாக வைக்கும் பெட்டி) செய்து ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லூப்புக்கு மேலே பதிவு = {} என்று ஒரு வரி. லூப்புக்குள் பதிவில் தலைப்பையும் ஆசிரியரையும் நிரப்பி, பட்டியலில் அப்பெண்ட் செய்கிறோம். முடிந்ததும் பட்டியலின் நீளம் 412, உள்ளே இருப்பதோ 412 முறையும் கடைசிப் புத்தகம். அப்பெண்ட் என்பது டிக்ஷனரியை நகல் எடுத்து உள்ளே வைக்கிறது என்று நினைத்தால் இது மர்மமாகத் தெரியும். அது வைப்பது அம்புக்குறியை மட்டும்தான். டிக்ஷனரி ஒன்றே ஒன்று, அதைக் காட்டும் அம்புகள் 412.

பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும், பொருளின் அடையாள எண்ணைத் தரும் ஐடி ஃபங்ஷனைக் கூப்பிட்டு அச்சிட்டேன். ஒரே நீளமான எண், மேலிருந்து கீழ்வரை, 412 வரிகள். அந்தத் திரையைப் பார்த்ததும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பதிவு = {} வரியை லூப்புக்குள் தள்ளி, அதாவது ஒரு உள்தள்ளல் கூட்டி, மறுபடி ஓட்டினால் 412 வெவ்வேறு எண்கள். இந்தச் சோதனையைச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஐடியைப் பட்டியலில் சேர்த்துவிட்ட உறுப்புகளின்மேல்தான் பார்க்க வேண்டும். லூப்புக்குள் தற்காலிகமாகச் செய்து எங்கேயும் சேர்க்காமல் விடும் பொருள்களின் ஐடியைப் பார்த்தால், முந்தையது செத்த இடத்திலேயே அடுத்தது பிறந்து அதே எண்ணைக் காட்டக்கூடும். ஐடி எண் ஒரு பொருள் உயிரோடு இருக்கும்வரை மட்டும்தான் அதற்குச் சொந்தம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பிழையில் ஸ்கோப்புக்குப் பங்கே இல்லை. பதிவு என்ற பெயர் எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது என்பதால் எதுவும் கெடவில்லை. {} என்ற வரி எத்தனை முறை ஓடியது என்பதுதான் கேள்வி. ஒரு முறை ஓடினால் ஒரு பெட்டி, 412 முறை ஓடினால் 412 பெட்டிகள். பைத்தானில் ஃபார் லூப்பும் தனி ஸ்கோப்பை உண்டாக்குவதில்லை, உள்ளே பிறந்த பெயர் லூப்புக்கு வெளியேயும் தெரியும். வரியை உள்ளே தள்ளியதால் பெயரின் ஆயுள் மாறவில்லை, பெட்டிகளின் எண்ணிக்கைதான் மாறியது. இந்த வேறுபாடு பிடிபட்டதும் எனக்கு நிறைய விஷயங்கள் ஒரே நேரத்தில் தெளிவாகின.

இதே காரணத்தால்தான் [[0] * 4] * 3 என்று எழுதி மூன்று வரிசைக் கட்டம் செய்தால் ஒரு வரிசையில் எழுதியது மூன்றிலும் தெரிகிறது. உள்ளே இருக்கும் வரிசை ஒரு முறைதான் பிறக்கிறது, பெருக்கல் அதன் அம்பை மூன்றாக்குகிறது. காம்ப்ரிஹென்ஷனாக, அதாவது பட்டியலுக்குள்ளேயே லூப் வைத்து, எழுதினால் உள்வரிசையைப் பிறப்பிக்கும் பகுதி மூன்று முறை ஓடும், மூன்று தனி வரிசைகள் கிடைக்கும். நகல் எடுத்துத் தப்பிக்கலாம் என்றால் அதிலும் ஒரு படி இருக்கிறது. டிக்ஷனரியின் காப்பி மேல்மட்டத்தை மட்டும் புதிதாக்கும். உள்ளே குறிச்சொற்களுக்கென ஒரு பட்டியல் இருந்தால் அது பழையதேதான், இரண்டு பதிவுகளும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். முழு ஆழத்துக்கும் வேண்டுமென்றால் டீப்காப்பி.

அடுத்து உலாவியில் ஒரு பக்கம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பொத்தான், அழுத்தினால் அதன் தலைப்பு தெரிய வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பழைய வழக்கப்படி வார் போட்டு, ஐ என்ற எண்ணை 0 முதல் 411 வரை ஓட்டி, ஒவ்வொரு பொத்தானுக்கும் நூல்கள்[ஐ] என்பதைக் காட்டும் ஒரு ஃபங்ஷனை மாட்டினேன். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பே இல்லை. கடைசிப் புத்தகம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், அதுகூட வரவில்லை. யோசித்தால் காரணம் தெளிவு. லூப் எப்போது நிற்கிறது? ஐ 412 ஆனபோது. பொத்தானை அழுத்துவது அதற்கு வெகுநேரம் கழித்து. மாட்டிய ஃபங்ஷன் ஐயின் அப்போதைய மதிப்பைக் குறித்து வைத்துக்கொள்ளவில்லை, ஐ என்ற மாறியையே பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தும்போது போய்ப் பார்க்கிறது, அங்கே 412 இருக்கிறது, 412ஆம் எண்ணில் புத்தகமே இல்லை.

வார் என்பதை லெட் என்று மாற்றினேன், மூன்று எழுத்து மாற்றத்தில் எல்லாம் சரியானது. லெட் 2015இல் ஜாவாஸ்கிரிப்டின் தரமான எக்மாஸ்கிரிப்டின் ஆறாம் பதிப்போடு வந்தது. அதைப் பற்றி அடைப்புக்குறிக்குள் அடங்கிய ஸ்கோப் என்று சொல்லிவிட்டுப் பலரும் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் இங்கே நம்மைக் காப்பாற்றுவது அது மட்டும் இல்லை. ஸ்கோப் மட்டும் சுருங்கி, லூப் முழுவதற்கும் ஒரே ஐ இருந்திருந்தால் பொத்தான்கள் எல்லாம் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கும். லெட் செய்வது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதிய ஐ. ஒரு சுற்று முடிந்ததும் அதன் மதிப்பைப் புதிய ஐக்குள் நகல் எடுத்து, அந்தப் புதியதைத்தான் ஒன்று கூட்டுகிறது. பழைய சுற்றின் ஐ அப்படியே நிற்கிறது, அதைப் பிடித்த பொத்தானுக்கு எப்போது கேட்டாலும் பழைய எண்ணே கிடைக்கிறது. மறுபடியும் அதே கேள்விதான், பெட்டிகள் எத்தனை?

அதற்காக லெட் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று இருக்க முடியாது. லூப்புக்கு மேலே லெட் போட்டு ஒரு ஆப்ஜெக்டைச் செய்து, உள்ளே நிரப்பி நிரப்பி அரேயில் புஷ் செய்தால், பைத்தானில் பார்த்த அதே 412 கடைசிப் புத்தகங்கள்தான். அங்கே கோளாறு மாறியில் இல்லை, ஆப்ஜெக்டில்.

பைத்தானுக்கு லெட் மாதிரி ஒன்று கிடையாது. லூப்புக்குள் லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) எழுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு கூப்பிட்டால் எல்லாம் கடைசி மதிப்பையே தரும். அங்கே வழக்கமான தீர்வு, லாம்டாவின் அளபுருவுக்கு இயல்பு மதிப்பாக நூல்=நூல் என்று கொடுப்பது. இயல்பு மதிப்பு லாம்டா பிறக்கும்போதே கணக்கிடப்படுவதால் அந்தச் சுற்றின் மதிப்பு அங்கேயே உறைந்துவிடும். பார்க்க விசித்திரமாக இருக்கும், பழகினால் சரியாகிவிடும். கூடப் படிக்கிறவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு குறிப்புரை எழுதி வைப்பது நல்லது.

இதெல்லாம் புதிதாகக் கற்கிறவர்கள் மட்டும் விழுகிற குழி என்று யாராவது சொன்னால் இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்டைத்தான் நான் காட்டுவேன். 2020 பிப்ரவரி 29 அன்று அவர்கள் தங்கள் சான்றிதழ் மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். ஒரே சான்றிதழுக்குள் பல டொமைன் பெயர்கள் இருக்கும்போது, அவற்றுக்குச் சான்றிதழ் தர அனுமதி உண்டா என்று மறுபடி சரிபார்க்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு பெயரையும் ஒரு முறை பார்ப்பதற்குப் பதில் ஒரே பெயரை அத்தனை முறை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மென்பொருள் எழுதப்பட்டது கோ மொழியில், காரணம் லூப் மாறியின் நினைவக முகவரியை எடுத்து வைத்துக்கொண்டதுதான். கோ மொழியில் அப்போது லூப் முழுவதற்கும் ஒரே மாறி, சுற்றுக்குச் சுற்று அதன் மதிப்பு மட்டும் மாறும். முகவரியைச் சேர்த்து வைத்தால் எல்லாம் ஒரே முகவரி, என்னுடைய 412 ஒரே ஐடிகள் மாதிரி. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் பாதிக்கப்பட்டன. அனுபவமும் கவனமும் உள்ளவர்கள் எழுதிய நிரல் அது, அவர்களும் விழுந்தார்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

கோ மொழியை நடத்துகிறவர்கள் கடைசியில் மொழியையே மாற்றிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறி. பழைய நிரல்கள் திடீரென்று வேறு மாதிரி நடக்கக் கூடாது என்பதற்காக, திட்டத்தின் கோ.மாட் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று குறித்திருந்தால் மட்டுமே புதிய நடத்தை. சி ஷார்ப் இதே மாற்றத்தைத் தன் ஃபார்ஈச் லூப்பில் 2012இலேயே ஐந்தாம் பதிப்பில் செய்துவிட்டது. ஜாவா இன்னொரு வழியைப் பிடித்தது, மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும் உள்மாறியை லாம்டாவுக்குள் பிடிக்கவே விடாது, கம்பைல் செய்யும்போதே நிறுத்திவிடும். எனக்குப் பிடித்தது ஜாவாவின் வழி, பிழையை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

கோ மொழியில் இன்னும் மாறாத ஒன்று இருக்கிறது. ரேஞ்ச் லூப்பில் கிடைக்கும் உறுப்பு நகல்தான். அதன் ஒரு புலத்தை மாற்றினால் ஸ்லைஸுக்குள், அதாவது மூலப் பட்டியலுக்குள், மாறாது. சி++ மொழியிலும் ரேஞ்ச் லூப்பில் ஆட்டோ என்று மட்டும் எழுதினால் நகல், & சேர்த்தால் மூலம். இது என் பிழைக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே மாறக் கூடாதது மாறியது, இங்கே மாற வேண்டியது மாறாது. இப்படிப்பட்டது சத்தமில்லாமல் இருக்கும், எல்லாம் ஓடும், வெற்றிடங்கள் மட்டும் அப்படியே இருக்கும்.

மறுபடி பிஎச்பிக்கு வந்து, என்னுடைய பழைய நிரல்கள் எல்லாவற்றிலும் அஸ் என்பதற்குப் பிறகு & வரும் இடங்களைத் தேடினேன். ஏழு இடங்கள். மூன்றில் அன்செட் இருந்தது, யாரோ எழுதியதைப் பார்த்துக் காரணம் தெரியாமலே போட்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் லூப் ஒரு ஃபங்ஷனின் கடைசி வேலையாக இருந்தது, பெயர் ஃபங்ஷனோடு போய்விடுவதால் ஆபத்தில்லை. ஆறாவது இப்போது பிடிபட்டது. ஏழாவதில் அன்செட்டும் இல்லை, ஃபங்ஷனும் இல்லை, ஆனால் எந்தப் பிழையும் வரவில்லை. ஏன் என்று பார்த்தால் அடுத்த லூப்பில் மாறிக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். முடிச்சு அங்கேயும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, யாரும் அந்தப் பெயரைத் தொடாததால் ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு நானே அந்தப் பெயர்களை ஒரே மாதிரி ஆக்கலாம் என்று திருத்தியிருந்தால், அழகுக்காகச் செய்த அந்தத் திருத்தத்தில் கடைசி வரி போயிருக்கும், காரணத்தை எங்கே தேடுவது என்றே தெரிந்திருக்காது.

ஆறாவதையும் ஏழாவதையும் எண் வைத்து எழுதும் முறைக்கு மாற்றிவிட்டேன். அன்செட் இருந்த மூன்றையும் பிறகு அதே மாதிரி மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ என்ற மூன்று உறுப்புகளோடு ஒரு சின்னச் சோதனை, லூப்புக்கு முன்னும் பின்னும் ஜேசான் தொடரை எடுத்து ஒப்பிடுவது. பட்டியலை மறுபடி ஓட்டினேன். 412 சீட்டுகள், இந்த முறை கடைசியிலிருந்து எடுத்துப் பார்த்தேன், 412ஆவது புத்தகம் மேலே இருந்தது, அதற்குக் கீழே 411.